அலமாரியில் தூங்கும் படங்கள்: பழைய குறுவட்டு, விரலி, நினைவக அட்டையிலிருந்து மீட்பது எப்படி?



இந்த முறை நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கொஞ்சம் வேறு மாதிரி. கணினிப் பாடம் போலத் தெரியும். ஆனால் கடைசியில் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இலக்கணப் பயிற்சியும் உண்டு. அதனால் யாரும் பாதியில் ஓடிவிட வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். "இதுல ஏதாவது தெரியுதான்னு பாரும்மா. எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் மறந்துபோச்சு" என்றார். திறந்து பார்த்தேன். 11 குறுவட்டுகள், இரண்டு நினைவக அட்டைகள், 256 எம்பி விரலி ஒன்று. இன்றைய மாணவர்கள் அந்த அளவைக் கேட்டால் சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். 2006-இல் படிவம் 2-இல் படித்த ஒரு மாணவர் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டார். அவர் குடும்பம் ஜார்ஜ்டவுனில் தாழ்வான ஒரு பகுதியில் வாடகை வீட்டில் இருந்தது. 2017 நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் பினாங்கைப் புரட்டிப் போட்ட வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிரவு அந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. படத் தொகுப்புகள் நனைந்து, காய்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன.

அந்தத் தாய் பல ஆண்டுகள் யோசித்துவிட்டு ஐயாவிடம் கேட்டிருக்கிறார்: "மேடையில நின்னு பேசுறப்ப பள்ளியில படம் எடுத்தீங்களே சார், அது இன்னும் இருக்கா?"

இருக்கிறதா என்பது அந்த டின்னுக்குத்தான் தெரியும். அதைத் திறந்து தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் பள்ளி அலமாரியிலும் இப்படி ஒரு டின் இருக்கும். அல்லது ஒரு காலணிப் பெட்டி.

ஏன் அந்தப் பத்தாண்டு மட்டும்?

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். தாத்தா பாட்டியின் திருமணப் படம், ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை, இன்னும் தெளிவாக இருக்கும். உங்கள் கைப்பேசியைத் திறந்தால் போன வாரம் சாப்பிட்ட நாசி கண்டார் வரைக்கும் படம் இருக்கும். இடையில் ஏறக்குறைய 2000 முதல் 2012 வரையிலான படங்கள் எங்கே?

அப்போது ஃபிலிம் கேமரா போய்விட்டது. எடுத்ததை எல்லாம் அச்சடிக்கும் பழக்கமும் நின்றுவிட்டது. கைப்பேசியே தானாக இணையத்தில் சேமிக்கும் வசதியோ இன்னும் பரவலாகவில்லை. எல்லாரும் சிடியில் பதிவு செய்து, மேலே பேனாவால் எழுதி, மேசை இழுப்பறையில் போட்டோம். பள்ளிகளிலும் அதுதான். 2003-இல் கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது மடிக்கணினி, எல்சிடி புரொஜெக்டர், பாடக் குறுவட்டு எல்லாம் பள்ளிக்கு வந்தன. கூடவே டிஜிட்டல் கேமராவும் மெல்ல நுழைந்தது.

பினாங்குக்காரர்களுக்கு இதில் கூடுதல் இழப்பு உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டு இறுதியோடு முடிவுக்கு வந்தது. அதன் பிறகு பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தண்ணீர்மலை முருகன் கோயில் 2012-இல் புதிய கோயிலாக மலைமேல் எழுந்தது. ஊர் வேகமாக மாறிய அதே ஆண்டுகளின் படங்கள்தான் இன்று திறக்க முடியாத சிடிகளில் கிடக்கின்றன.

இது நமக்கு மட்டும் நடக்கவில்லை. 1086-இல் இங்கிலாந்தில் தொகுத்த 'டூம்ஸ்டே' நிலப் பதிவேட்டின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, பிபிசி 1986-இல் ஒரு புதிய தொகுப்பைத் தயாரித்தது. நாடெங்கும் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் ஊரைப் பற்றி எழுதி, படம் எடுத்து அனுப்பினார்கள். எல்லாம் லேசர் வட்டில் பதிவானது. பதினைந்து ஆண்டுகளில் அந்த வட்டைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது. தோலில் எழுதிய 1086-ஆம் ஆண்டுப் பதிவேட்டை அப்போதும் படிக்க முடிந்தது! பிறகு வல்லுநர்கள் பாடுபட்டு மீட்டு, 2011-இல் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றினார்கள்.

சேமிப்பகம் எப்படிப் பழுதாகிறது?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாகும். அது தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும்.

குறுவட்டு: கடையில் வாங்கும் பாட்டு சிடியில் எழுத்துகள் அச்சுப் போல அழுத்தப்பட்டிருக்கும். நாம் வீட்டில் பதிவு செய்யும் சிடி அப்படி இல்லை. அதில் ஒரு சாய அடுக்கு இருக்கும். லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டு மாற்றுவதுதான் பதிவு. வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் மெல்ல வெளுக்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிடியின் அடிப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்தி வைப்போம். உண்மையில் பெயர் எழுதும் மேல்பக்கம்தான் பலவீனமானது. அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிப்பான பிளாஸ்டிக் இருக்கிறது. மேலே இருப்பதோ மெல்லிய பூச்சு மட்டுமே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்த இடத்துப் பதிவே போய்விடும். டிவிடியில் பதிவு அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

நம் ஊர்ப் புழுக்கம் வேறு. 2001-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சையே தின்றிருந்ததைக் கண்டார்கள். பெலீசும் நம்மைப் போல வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடுதான்.

விரலியும் நினைவக அட்டையும்: இவற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைப்பதுதான் பதிவு. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் கண்டுபிடித்த முறை இது. மூடிய டப்பாவிலிருந்து கற்பூரம் கரைவது போல, மின்சாரமே கொடுக்காமல் பல ஆண்டுகள் வைத்திருந்தால் அந்த மின்னூட்டம் கசியும். வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் கசியும். காருக்குள் விரலியைப் போட்டு வைக்காதீர்கள்.

வன்வட்டு: சுழலும் தட்டின்மேல், தொட்டும் தொடாமலும் ஒரு முனை மிதந்து படிக்கும். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் முனை தடுமாறுகிறது என்று பொருள். அப்போது மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால் தட்டையே கீறிவிடும்.

நெகிழ்வட்டு: 3.5 அங்குலம், 1.44 எம்பி. 1997-இல் சோனி வெளியிட்ட மாவிகா கேமராக்கள் படத்தை நேராக இதில்தான் பதிந்தன. காந்தப் பூச்சு மங்கும், பூஞ்சை பிடிக்கும். யுஎஸ்பி வழி இணைக்கும் ஃப்ளாப்பி டிரைவ் கிடைத்தால் முயன்று பார்க்கலாம்.

அழித்த படம் எங்கே போகிறது?

ஒரு நூலின் பொருளடக்கப் பக்கத்தில் 'இயல் 7, பக்கம் 112' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். 112-ஆம் பக்கம் கிழிந்துவிட்டதா? இல்லை. பக்கம் அப்படியேதான் இருக்கிறது, வழிகாட்டும் வரிதான் போய்விட்டது.

கேமராவில் 'அழி' என்று அமுக்கினாலும் இதுதான் நடக்கிறது. பட்டியலில் அந்தக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஓர் அடையாளம் விழும்: 'இந்த இடம் இனி காலி, புதிதாக எழுதலாம்.' புதிய படம் வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையது அங்கேயே இருக்கும். சாதாரண ஃபார்மட் செய்தால்கூடப் பல நேரம் இதே கதைதான்.

மீட்பு மென்பொருள்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. கேமராக்கள் எடுக்கும் ஜேபெக் படங்கள் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டு முத்திரையோடு தொடங்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள், பொருளடக்கத்தை நம்பாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டி, முத்திரை தென்படும் இடத்திலெல்லாம் ஒரு படத்தை எடுத்துத் தரும். கோப்பின் பழைய பெயர் திரும்பி வராது. படம் வரும்.

ஒரு விதிவிலக்கு: இப்போதைய மடிக்கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி சேமிப்பகங்கள், அழித்த இடத்தைத் தாமாகவே துடைத்துவிடும். அங்கே மீட்பது மிகக் கடினம். கைப்பேசியும் ஏறக்குறைய அப்படித்தான். அதில் அழித்திருந்தால் முதலில் குப்பைத் தொட்டிக் கோப்புறையைப் பாருங்கள். சில வாரங்கள் அங்கே காத்திருக்கும்.

நான் செய்த தவறு

பட்டமேற்படிப்பு டிப்ளோமா பயிற்சியின்போது, என் கற்பித்தல் பயிற்சிப் படங்கள் முழுவதும் ஒரே விரலியில் இருந்தன. ஒருநாள் தவறுதலாக அழித்துவிட்டேன். பதறிப்போய் மீட்பு மென்பொருளைப் பதிவிறக்கினேன். எங்கே? அதே விரலிக்குள்! மீட்ட படங்களையும் அதற்குள்ளேயே சேமித்தேன். மேலே சொன்ன 'காலி இடம்' நினைவிருக்கிறதா? என் கையாலேயே என் படங்களின்மேல் எழுதிவிட்டேன். என் முதல் வகுப்பின் படம் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

அதனால் முதல் விதி: மீட்க வேண்டிய சேமிப்பகத்தில் எதையும் எழுதாதீர்கள். படம் எடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். 'பழுது இருக்கிறது, சரிசெய்யவா?' என்று கணினி கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். எஸ்டி அட்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டுக் கணினியில் போடுங்கள்.

படிப்படியாக மீட்கும் முறை

1. பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தாளில் குறியுங்கள். வட்டின்மேல் புதிதாக ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டாம்.

2. சுத்தம் செய்யுங்கள். சிடியை மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவும் வட்டப் பாதையில்தான் ஓடுகிறது. அதே திசையில் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல எழுத்துகள் போய்விடும். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். அட்டையின் தங்க நிற முனைகளை உலர்ந்த துணியால் இலேசாகத் துடைத்தால் போதும்.

3. சரியான வாசிப்புக் கருவியைத் தேடுங்கள். ஐயாவின் டின்னில் இருந்த ஓர் அட்டை 'எக்ஸ்டி' வகை. ஒலிம்பஸும் ஃபுஜிஃபிலிமும் 2002-இல் கொண்டுவந்தது. இன்று புதிய கார்டு ரீடர்களில் அதற்கு இடமே இல்லை. கொம்தார் பக்கம் இரண்டு மூன்று கடைகளில் கேட்டேன், சிரித்தார்கள். கடைசியில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், ஒரு தவுக்கே விரித்திருந்த சாக்கின்மேல் கிடைத்தது. 10 ரிங்கிட். பழைய பொருளுக்குப் பழைய பொருள் விற்கும் இடம்தான் சரி.

4. முதலில் முழு நகல் எடுங்கள். சேமிப்பகத்தை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒரே கோப்பாக நகலெடுப்பதை 'இமேஜ்' என்பார்கள். 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. நன்றாகப் படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். அதன்பின் மீட்பு வேலை அனைத்தையும் அந்த நகலில் செய்யுங்கள்.

5. பல கருவிகளில் படியுங்கள். ஒரு சிடி டிரைவ் கைவிரித்ததை இன்னொன்று படித்துவிடும். டிடிரெஸ்கியூ எந்தப் பகுதி கிடைக்கவில்லை என்று குறித்து வைத்திருக்கும். வேறு டிரைவில் போட்டு அந்த விடுபட்ட இடங்களை மட்டும் நிரப்பலாம். தமிழாசிரியர்களுக்கு இது புதிது அல்ல. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது என்ன செய்தார்? பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி, ஓர் ஏட்டில் சிதைந்ததை இன்னோர் ஏட்டில் பார்த்து நிரப்பினார். அதே முறைதான்.

6. நகலிலிருந்து படங்களை எடுங்கள். கோப்புகள் வழக்கம்போலத் தெரிந்தால் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் ஃபோட்டோரெக்கை ஓடவிடுங்கள். ஒரு படம் பாதி கெட்டிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கேமராக்கள் பெரும்பாலும் படக் கோப்பின் தலைப்பகுதியிலேயே ஒரு சிறு மாதிரிப் படத்தையும் வைத்திருக்கும். பெரிய படம் போனாலும் சிறியது பிழைத்திருக்கலாம்.

7. எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளுங்கள். வன்வட்டு சத்தம் போட்டால், வெள்ளத்தில் நனைந்திருந்தால், மின்சாரம் கொடுக்காதீர்கள், திறக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியால் சூடாக்காதீர்கள். அது தரவு மீட்பு வல்லுநரின் வேலை. செலவு அதிகம்தான், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை யோசித்து முடிவெடுங்கள். நனைந்த சிடி அப்படி இல்லை. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தினாலே பெரும்பாலும் போதும்.

படம் வந்தது, எழுத்து வரவில்லை

ஐயாவின் விரலியில் ஒரு வேர்ட் கோப்பும் இருந்தது. படங்களுக்கான குறிப்பு என்று பெயரிட்டிருந்தார். திறந்தால் ஒரே கோலம்! எழுத்தே இல்லை, வளைவும் புள்ளியும் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துமாக இருந்தது.

கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு தொடங்கி, கணினித் தமிழுக்குப் பல எழுத்துருக்கள் வந்தன. அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தனக்கென ஒரு வரிசையில் அடுக்கிக்கொண்டது. சிலவற்றை ஒழுங்குபடுத்தி டிஸ்கி, டாம், டாப் என்ற குறியீட்டு முறைகள் வந்தன. இன்று நாம் பயன்படுத்துவது யூனிகோட். பழைய வரிசையில் அடித்ததைப் புதிய கணினி புரிந்துகொள்ளாமல் கோலம் போடுகிறது, அவ்வளவுதான். எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைக் கண்டுபிடித்து, எழுத்துரு மாற்றியில் கொடுத்தால் தமிழாக வந்துவிடும். கோப்பைத் திறந்ததும் எழுத்துருப் பெயர் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

பழைய வினாத்தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள், நாடகப் பிரதிகள் இப்படிக் கோலமாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் இதே வழிதான்.

டின்னுக்குள் என்ன இருந்தது?

11 சிடிகளில் ஏழு உடனே திறந்தன. இரண்டு எதற்கும் மசியவில்லை. ஒன்றில் பதிவே இல்லை. மிச்சம் ஒன்று, பால்பாயின்ட் பேனாவால் 'பேச்சுப் போட்டி 2006' என்று அழுத்தி எழுதியது. அதுதான் வேண்டியது. என் மடிக்கணினியின் டிரைவ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பள்ளி ஸ்டோரில் கிடந்த பழைய கணினியின் டிரைவ் படித்தது. மூன்று இரவுகள் ஓடவிட்டேன். அந்த மாணவரின் படம் வந்தது, பாதி. நெற்றியும் கண்களும் தெரிந்தன. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

பிறகு அந்த எக்ஸ்டி அட்டை. திறந்தால் 2008 விளையாட்டுப் போட்டிப் படங்கள் மட்டும். ஆனால் அவை அட்டையை நிரப்பவில்லை. நகலில் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டதும், அதற்கு முன்பு அழித்த படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டியது. பேட்டரியைக் கழற்றியதில் கேமராவின் கடிகாரம் தொடக்கத்துக்கே போயிருக்கும். தேதியை நம்பாமல் மேடைப் பதாகையைப் பார்த்தோம். அதே நாள்தான். ஒன்பது படங்கள். ஒன்றில் அந்த மாணவர் ஒலிவாங்கி முன்னால், வலது கையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி. முழுப் படம்.

குறிப்புக் கோப்பைத் தமிழாக்கியதும் அவர் பெயரும் வகுப்பும் தலைப்பும் தெரிந்தன. தலைப்பு, 'பினாங்குப் பாலம்'. பரிசுப் பட்டியலில் பெயர் இல்லை.

நானும் ஐயாவும் அவர் வீட்டுக்குப் போனோம். தலைப்பைச் சொன்னதும் அந்தத் தாய் சிரித்துவிட்டார். "ஆமா டீச்சர், பாலத்தோட நீளம் எவ்வளவு, எந்த வருஷம் தொறந்தாங்கன்னு வீடு முழுக்க நடந்து நடந்து மனப்பாடம் பண்ணினான். சமையலறைக்குள்ளேயும் வந்து சொல்வான்." அப்புறம் படத்தை வெகுநேரம் பார்த்தார். விரலியில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "அது வேணாம் டீச்சர். தாள்ல குடுங்க" என்றார். இரண்டு பிரதி அச்சடித்தோம். ஒன்று அவர் வீட்டில், மற்றொன்று பட்டர்வொர்த்தில் அவர் தங்கை வீட்டில். தண்ணீர் இங்கே வந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.

இனி எப்படி வைப்பது?

அந்தத் தாய் தெரியாமலே செய்ததைத்தான் ஒளிப்படக்காரர் பீட்டர் குரோக் '3-2-1' விதி என்று பரப்பினார்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறு இடத்தில். பள்ளிக்கு என்றால் அலுவலக வன்வட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் வீட்டில் ஒன்று.

கோப்புக்குப் பெயர் வையுங்கள். 'படம் 0047' என்றால் இருபது ஆண்டு கழித்து யாருக்கும் புரியாது. '2006 பேச்சுப் போட்டி படிவம் 2' என்றால் புரியும். புலனத்தில் அனுப்பிய படத்தை மூலமாக நம்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில், எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை புதிய சேமிப்பகத்துக்கு மாற்றுங்கள். முக்கியமான பத்துப் பதினைந்து படங்களை அச்சடித்தும் வையுங்கள்.

ஓலைச்சுவடி நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது? ஓலை பல நூறு ஆண்டுகள் கெடாமல் இருந்ததால் அல்ல. பூச்சி அரிப்பதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் படி எடுத்ததால். படி எடுக்க ஆளில்லாத நூல்கள் போய்விட்டன. சிடிக்கும் விரலிக்கும் விதி அதுவேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்தவர் சேமிப்பகத்தை மீட்கும்போது அவர்களின் சொந்தப் படங்களும் வரும். தேடியதை மட்டும் பாருங்கள், மற்றதை உரியவரிடம் ஒப்படையுங்கள். மாணவர் படங்களைப் பொதுவில் போடும் முன் பெற்றோரின் ஒப்புதலைக் கேளுங்கள். பழைய படம்தானே என்று விட்டுவிட முடியாது.

மாணவர்களுக்கு

இந்தக் கட்டுரையில் வந்த சொற்களை வைத்தே கொஞ்சம் இலக்கணம் பார்ப்போம்.

நிழற்படம் = நிழல் + படம். நிலைமொழியின் ஈற்று லகரம், வல்லினம் வந்ததால் றகரமாகத் திரிந்தது.

சேமிப்பகம் = சேமிப்பு + அகம். நிலைமொழி குற்றியலுகரம். உயிரெழுத்து வந்ததும் உகரம் கெட்டு, நின்ற மெய்யோடு உயிர் சேர்ந்தது.

குறுவட்டு = குறுமை + வட்டு. 'மை' விகுதி கெட்டது. பண்புத்தொகை. வன்வட்டும் (வன்மை + வட்டு) இப்படியே.

நெகிழ்வட்டு: நெகிழ்ந்த வட்டு, நெகிழ்கின்ற வட்டு, நெகிழும் வட்டு என முக்காலத்துக்கும் பொருந்தும். அதனால் இது வினைத்தொகை. குறுவட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விளக்கக் கட்டுரை எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 'இதைச் செய்' என்று மட்டும் எழுதினால் அது அறிவிப்புப் பலகை. 'ஏன் செய்ய வேண்டும்' என்று காரணமும் சேர்த்தால்தான் விளக்கம். மேலே சிடியை ஏன் வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று சொன்ன வரியை மீண்டும் படித்துப் பாருங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ 2012-க்கு முன் டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒரு படத்தைத் தேடுங்கள். அதில் இருப்பவர்கள் யார், எந்த இடம், என்ன நிகழ்வு என்று பெரியவர்களிடம் கேட்டு இரண்டு பத்தி எழுதி வாருங்கள். படத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையா? அது எதில் பதிவாகி, எங்கே போனது என்று விசாரித்து எழுதுங்கள். ஆசிரியர்களே, அந்த டின்னை இந்த விடுமுறையிலேயே திறந்துவிடுங்கள். அடுத்த விடுமுறைக்குள் இன்னும் ஒரு சிடி மங்கியிருக்கும்.